கன்னத்து நரம்பு வலிக்கு ஊசி போட்டால் வெளிச்சக் கூச்சமும் தீருமா?

தாங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது: மன்னார்குடிப் பக்கத்தில் இருக்கும் தங்கள் தாயாருக்கு வயது 58. நான்கு ஆண்டுகளாக வலது கன்னத்திலும் மேல்தாடையிலும் மின்சாரம் பாய்ந்தாற்போல் வலிக்கிறது. பல்வலி என்று நினைத்து இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியும் பயனில்லை. நரம்பு வலிக்கான கார்பமசெபைன் மாத்திரையில் பாதி அடங்குகிறது, ஆனால் தலைசுற்றலால் நடை தடுமாறுகிறது. கடந்த ஓராண்டாக வெளிச்சத்தைப் பார்த்தாலே கண் கூசித் தலை கனத்துப்போவதால், சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளறையிலேயே படுத்திருக்கிறார். இரவில் தூங்குவதற்காக அமிட்ரிப்டிலைன் மாத்திரையும் சாப்பிடுகிறார். நரம்பைச் சுற்றி மரப்பு ஊசி போடலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அந்த ஊசியில் வலியும் கூச்சமும் சேர்ந்து தீருமா, முகம் கோணிவிடுமா என்பவை தங்கள் ஐயங்கள்.

தஞ்சாவூர் வட்டாரத்தில் மயக்க மருத்துவமும் வலி சிகிச்சையும் பார்த்து வருகிறவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊசி போட்டுக்கொள்ளலாம், பயப்படத் தேவையில்லை. ஆனால் வலிக்கும் கூச்சத்துக்கும் காரணம் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டு, ஒரே ஊசியில் இரண்டும் போய்விடும் என நம்பிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். தாங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இங்கே இரண்டு தனித்தனித் தொந்தரவுகள் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். கூச்சத்தின் காரணத்தைக் கண்டறியாமல் கன்னத்தில் ஊசி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் வலியைப் பார்ப்போம். முகத்தின் தொடு உணர்வை மூளைக்குக் கொண்டுசெல்வது மூளையிலிருந்து புறப்படும் ஐந்தாவது நரம்பாகிய முக்கிளை நரம்பு. அதன் முதல் கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், இரண்டாவது கன்னத்துக்கும் மேல்தாடைக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் உரியவை. மூளைத்தண்டை ஒட்டி இந்த நரம்பு வெளிவரும் இடத்தில் ஓர் இரத்தக்குழாய் நாள்பட அழுத்திக்கொண்டிருந்தால், நரம்பின் மேலுறை தேய்ந்து, லேசாகத் தொட்டாலே வலியாகப் பொறி கிளம்பும். ஒவ்வொரு தாக்குதலும் சில நொடிகள், மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடங்கள் நீடிக்கும். பல் துலக்குவது, முகம் கழுவுவது, மெல்லுவது, பேசுவது, ஆடிக்காற்று கன்னத்தில் படுவது எல்லாம் அதைத் தூண்டும். என்னிடம் வரும் ஆண்களில் சிலர் ஒரு பக்கக் கன்னத்தை மட்டும் மழிக்காமல் விட்டிருப்பார்கள். பெண்களில் சிலருக்கு ஒரு பக்கத்தில் மட்டும் மஞ்சள் பூசிய தடம் இருக்கும், மூக்குத்தியைத் துடைத்தே பல மாதங்கள் ஆகியிருக்கும். அவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே பாதி நோய் தெரிந்துவிடும். ஐம்பது வயதைக் கடந்த பெண்களுக்கு, அதிலும் வலப்பக்கத்தில், இரண்டாம் மூன்றாம் கிளைகளில் இது கூடுதலாக வருகிறது. தங்கள் தாயாரின் வலி இந்த அடையாளங்களோடு நன்றாகவே பொருந்துகிறது. பற்களை இழந்தது வருத்தத்துக்குரியது, ஆயினும் இந்த நோயில் அது அடிக்கடி நடப்பதுதான். இனி எஞ்சியிருக்கும் பற்களில் ஒன்றையும் இந்த வலிக்காகப் பிடுங்க விடாதீர்கள்.

கூச்சத்தின் கதை வேறு. முக்கிளை நரம்பு வலியின் வழக்கமான அடையாளங்களில் வெளிச்சக் கூச்சம் இல்லை. முதல் கிளை மட்டும் தனியாகப் பாதிக்கப்படுவதும் அரிது. எனவே கண் கூசுகிறது, தலை கனக்கிறது என்று ஒருவர் சொன்னால் நான் மூன்று திசைகளில் தேடுவேன்.

முதலாவது, கண். கருவிழியில் புண், கண்ணின் உட்பகுதி அழற்சி, கண் அழுத்தம் திடீரென ஏறுவது ஆகிய எல்லாவற்றிலும் வெளிச்சம் சுடும். நம் பக்கத்தில் அறுவடைக் காலத்தில் நெல்லின் சுணையோ தூசியோ கண்ணில் அடித்து, அதில் பூஞ்சைத் தொற்று ஏறிக் கருவிழி வெளுத்துப்போவது நன்கு அறியப்பட்ட ஆபத்து. அதற்குத் தாய்ப்பால் விடுவதும் விளக்கெண்ணெய் விடுவதும் புண்ணைப் பெருக்கவே உதவும். கண் சிவந்திருந்தாலோ, பார்வை மங்கினாலோ, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து வாந்தி வந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். அவசரமில்லாத காரணங்களும் உண்டு. தாயாரின் வயதில் கண்புரை தொடங்கியிருந்தால் வெளிச்சம் சிதறிக் கூசும். கண்ணீர் வற்றிக் கண் உலர்ந்திருந்தாலும் கூசும். அவர் இரவில் சாப்பிடும் அமிட்ரிப்டிலைன் கண்ணையும் வாயையும் உலர்த்துவதோடு கருமணியையும் விரிக்கும், அதனால் வெளிச்சம் கூடுதலாக உள்ளே நுழையும். கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் வாசல் குறுகலாக இருப்பவர்களுக்கு அது கண் அழுத்தத்தையே திடீரென ஏற்றிவிடக்கூடும். கூச்சம் இந்த மாத்திரைக்குப் பின் தொடங்கியதா என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள், அதைக் கண் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஒற்றைத் தலைவலி. தலை கனத்து மணிக்கணக்கில் நீடித்து, குமட்டலும் வெளிச்சக் கூச்சமும் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் இதுவே. கன்ன வலி உள்ளவருக்கு ஒற்றைத் தலைவலியும் இருக்கக் கூடாது என்று விதியில்லை. மூன்றாவது, வலி வந்த அதே பக்கத்துக் கண் ஒவ்வொரு தாக்குதலின்போதும் சிவந்து நீர் கொட்டினால், அது பார்ப்பதற்கு முக்கிளை நரம்பு வலி போலவே இருக்கும் வேறொரு வகைத் தலைவலியாக இருக்கலாம். அதற்குக் கார்பமசெபைன் முதல் மருந்து அல்ல. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி தொடங்கி, தலையைச் சீவினால் வலித்து, உணவை மெல்லும்போது தாடை வலித்து ஓய்ந்துபோனால், நெற்றிப் பொட்டில் ஓடும் இரத்தக்குழாயின் வீக்கமாகிய பொட்டுத் தமனி அழற்சி இருக்கிறதா என்று ஈ.எஸ்.ஆர். இரத்தப் பரிசோதனையில் தொடங்கிப் பார்ப்பதும் அவசியம். நம்மிடையே அது அரிதுதான். ஆனால் தவறவிட்டால் பார்வையே போய்விடும்.

கண்ணின் வெளிச்சம் எப்படித் தலைவலியாகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊசியின் பயன் அதில்தான் இருக்கிறது. விழித்திரையில் பார்வைக்கு என்று இல்லாமல் வெளிச்சத்தின் அளவை மட்டும் உணரும் மெலனாப்சின் செல்கள் இருக்கின்றன. அவற்றின் செய்தியும், மூளையின் மேலுறையிலிருந்து முக்கிளை நரம்பு கொண்டுவரும் வலிச் செய்தியும், மூளையின் தாலமஸ் பகுதியில் ஒரே செல்களில் வந்து சேர்கின்றன என்பது 2010இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது. உருவங்களைப் பார்க்க முடியாத, ஆனால் வெளிச்சத்தை மட்டும் உணர முடிந்த பார்வையற்றோருக்கும் ஒற்றைத் தலைவலியின்போது வெளிச்சத்தால் வலி கூடியது. வெளிச்சத்தையே உணராதவர்களுக்குக் கூடவில்லை. ஆகவே, முக்கிளை நரம்பின் கொதிப்பை அடக்கினால் வெளிச்சத்தால் வரும் வலியும் குறைய வாய்ப்புண்டு. ஆனால் எந்த இடத்தில் அடக்குவது என்பதுதான் கேள்வி. தங்கள் தாயாருக்கு அந்த இடம் கன்னமாக இல்லாமல் பிடரியாகவும் இருக்கலாம்.

பிடரியின் தோலுக்கு உணர்வு தரும் பெரிய பிடரி நரம்பு கழுத்தின் இரண்டாம் தண்டுவட நரம்பிலிருந்து வருகிறது. அதுவும் முக்கிளை நரம்பும் மேல்கழுத்துத் தண்டுவடத்தில் ஒரே நரம்புத் தொகுதியில் போய் முடிகின்றன. இரண்டு வாய்க்கால்கள் ஒரே வடிகாலில் விழும்போது ஒன்றை அடைத்தாலும் வடிகாலின் மட்டம் இறங்குவதைப் போல, பிடரியில் போடும் ஊசி நெற்றியின் வலியையும் கண் கூச்சத்தையும் தணிக்கக்கூடும். ஒற்றைத் தலைவலிக்கும், கண்ணைச் சுற்றிக் கொத்தாக வரும் தலைவலிக்கும் இந்த ஊசி பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளது. பின்மண்டையின் மேட்டையும் காதுக்குப் பின்னுள்ள எலும்பு மேட்டையும் இணைக்கும் கோட்டில், நடுவிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், இரண்டு மூன்று மில்லிலிட்டர் மரப்பு மருந்து போடப்படும். சில நிமிடங்களில் பின்மண்டையிலிருந்து உச்சி வரை மரத்துப்போனால் ஊசி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது என்று பொருள். மரப்பு சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். நிவாரணமோ பலருக்குச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை நீடிக்கும். மூளை அறுவை சிகிச்சை செய்து பின்மண்டை எலும்பில் துளை உள்ளவர்களுக்கு இதைப் போடக் கூடாது.

இப்போது கன்னத்து ஊசி. மரப்பு மருந்து நரம்பின் சோடியம் வாயில்களை அடைத்து, செய்தி கடந்து செல்வதைத் தற்காலிகமாக நிறுத்துகிறது. லிக்னோகைன் ஒன்றிரண்டு மணி நேரமும், புபிவகைன் நான்கு முதல் எட்டு மணி நேரம் வரையும் வேலை செய்யும். புருவத்தின் எலும்பு விளிம்பில் விரலால் தடவினால் தட்டுப்படும் பள்ளம், கண்குழியின் கீழ்விளிம்புக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கீழே உள்ள துளை, கீழ்த்தாடையில் முன்கடைவாய்ப் பற்களுக்குக் கீழே உள்ள துளை ஆகிய மூன்றும், நேராகப் பார்க்கும் கண்ணின் கருமணி வழியே மேலிருந்து கீழாகச் செல்லும் ஏறக்குறைய ஒரே கோட்டில் அமைந்திருக்கின்றன. தாயாருக்குத் தேவைப்படுவது நடுவிலுள்ளது. மெல்லிய ஊசியால் ஒரு மில்லிலிட்டர் அளவே போதும். ஊசி நுழையும் அந்த நொடியில் தாக்குதல் தூண்டப்படலாம் என்பதால், நான் முதலில் தோலில் மரப்புக் களிம்பு பூசிக் காத்திருந்து, நோயாளி தலையாட்டிய பிறகே ஊசியை எடுப்பேன். போட்ட பின் பஞ்சாலும் குச்சி முனையாலும் தொட்டுப் பார்த்து, மேலுதடும் மூக்கோரமும் கன்னமும் மரத்திருப்பதை உறுதிசெய்துகொண்டு, முகத்தைக் கழுவி வரச் சொல்வேன். மாதக்கணக்கில் துணியால்கூட ஒற்றாத கன்னத்தை அவர்கள் குழாயடியில் நின்று மறுபடியும் மறுபடியும் கழுவுவதைப் பார்த்திருக்கிறேன்.

மரப்பு நீடிக்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான் நோயைப் பற்றிய செய்தி கிடைக்கிறது. கன்னம் மரத்திருக்கும்போது வலி வரவில்லையென்றால், வலியின் தூண்டுமிடம் அந்தக் கிளையில் இருக்கிறது. நன்றாக மரத்தும் வலி அப்படியே இருந்தால், அது அந்தக் கிளையில் இல்லை அல்லது அதற்கு மேலே இருந்து வருகிறது, கன்னத்தில் இனிமேல் எத்தனை ஊசி போட்டாலும் வீண். ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது: தூண்டுமிடத்தை மரக்கச் செய்தால், வேரில் குழாய் அழுத்திக்கொண்டிருந்தாலும் வலி நிற்கும். ஆகவே ஊசியில் வலி நின்றது என்பதற்காக நோயின் வேர் கன்னத்தில் இருப்பதாக முடிவு கட்டிவிட முடியாது. எம்.ஆர்.ஐ. இல்லாமல் வேரைத் தெரிந்துகொள்ள வழியில்லை. அந்தப் படத்தில் குழாய் அழுத்தத்தோடு, கட்டியோ நரம்பு மேலுறை தேயும் நோயோ இருக்கிறதா என்பதும் தெரியும். வெற்றிலை பாக்கோடு புகையிலை போடும் பழக்கம் உள்ளவர்களுக்குக் கன்னத்திலோ தாடையிலோ வலியைவிட மரப்பு முன்னால் வந்தால், வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்காமல் ஊசியை எடுக்கவே கூடாது. புற்று நரம்பு வழியே பரவுவது அப்படித் தொடங்கக்கூடும்.

இந்த ஊசி நோயைத் தீர்க்குமா என்றால், தீர்க்காது. முக்கிளை நரம்பு வலியில் அதன் இடம், வலி உச்சத்தில் இருந்து சோறும் மாத்திரையும் இறங்காத நாட்களைக் கடத்துவதும், மாத்திரையின் அளவை மாற்றவும் அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யவும் அவகாசம் தருவதுமே. சிலருக்கு ஒரு தடவை போட்டதிலேயே வாரக்கணக்கில் நிம்மதி கிடைக்கிறது. அதை எதிர்பார்த்துப் போக வேண்டாம், கிடைத்தால் மகிழ்ச்சி. மாத்திரையே இன்னும் முதல் சிகிச்சை. தாயாரின் தலைசுற்றலுக்குக் காரணம் சோடியம் குறைந்திருப்பதாக இருக்கலாம். கார்பமசெபைன் அதைச் செய்யும், இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பெருக்கி மாத்திரையும் சாப்பிட்டால் இன்னும் வேகமாகச் செய்யும். இரத்தத்தில் சோடியம் 135க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள், கல்லீரல் பரிசோதனையையும் இரத்த அணுக்கள் எண்ணிக்கையையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். இதே மாத்திரையைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: முதல் சில வாரங்களில் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாத்திரை தாங்கவில்லை என்றால் கன்னத்து ஊசியையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பதைவிட, நரம்பு முடிச்சைச் சூட்டால் அடக்கும் ரேடியோ அலைச் சிகிச்சையையோ, குழாயை நரம்பிலிருந்து பிரித்து வைக்கும் அறுவை சிகிச்சையையோ யோசிப்பது மேல். அந்த அறுவை சிகிச்சைக்குப் பின் பத்தாண்டு கழித்தும் சுமார் 70 சதவீதத்தினர் வலியின்றி இருப்பதாக வெளியான பெரிய ஆய்வு உண்டு. உடல்நிலை நன்றாக இருந்தால் 58 வயது அதற்குத் தடையல்ல.

முகம் கோணுமா என்ற பயத்துக்கு வருகிறேன். முகத் தசைகளை அசைப்பது ஏழாவது நரம்பு, நாம் மரக்கச் செய்வது ஐந்தாவது. மருந்து பக்கத்தில் பரவினால் சில மணி நேரம் மேலுதடு தொங்கினாற்போல் தோன்றலாம், தானாகச் சரியாகிவிடும். கண்ணைச் சுற்றி வீக்கமோ கன்றிப்போவதோ சில நாட்கள் இருக்கலாம். நான் அதிகம் கவலைப்படுவது ஸ்டீராய்டைப் பற்றித்தான். மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டைச் சேர்க்கும் பழக்கம் இருக்கிறது. துகள்கள் உள்ள ட்ரையாம்சினலோன் போன்ற வகையை முகத்தில் போட்டால், துகள் இரத்தக்குழாயில் ஏறிக் கண்ணுக்குப் போகும் குழாயை அடைத்துப் பார்வையைப் பறிக்க முடியும். தோல் குழிந்து வெளுப்பதும் உண்டு. முகத்தில் ஸ்டீராய்டு தேவைதானா, தேவையென்றால் துகளற்ற டெக்ஸாமெத்தசோனா என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தாயாருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் அதன் பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குறிப்பாக, கன்ன எலும்புக்குக் கீழே ஊசியை ஆழமாகச் செலுத்தி மேல்தாடை நரம்பையே அடைக்கும் முறையில் பெரிய தமனி பக்கத்தில் இருப்பதால், அதை ஊசி போகும் வழியைத் திரையில் காட்டும் ஸ்கேனோ சி-ஆர்ம் எக்ஸ்ரேயோ உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும். ஊசியின்போது காதில் இரைச்சலோ நாக்கில் உலோகச் சுவையோ தோன்றினால் உடனே சொல்லச் சொல்லுங்கள், மருந்து இரத்தத்தில் ஏறுவதன் முதல் அடையாளம் அது. முதல் கிளையின் வேரைச் சூட்டால் அடக்கும்போது கருவிழியே உணர்வற்றுப் புண்ணாகும் வாய்ப்பும் உண்டு என்பதால், கண் பக்கத்து வலிக்கு அந்த முறையில் நான் அவசரப்படுவதில்லை.

இந்தப் பேச்சில் அக்கியையும் விட்டுவிட முடியாது, ஏனென்றால் நெற்றியிலும் கண்ணிலும் அக்கி வந்தவர்களுக்கு அதன் பின் நிற்காத எரிச்சலும் கூச்சமும் தங்கிவிடுகின்றன. நம் ஊர்களில் மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் போய்க் காவியில் அக்கி எழுதிக்கொள்வது இன்றும் நடக்கிறது. எழுதிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எழுதிவிட்டோம் என்று மூன்று நாட்களைக் கடத்துவதில்தான் ஆட்சேபம். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கப்பட வேண்டும், மூக்கு நுனியில் கொப்புளம் இருந்தால் கண்ணும் பாதிக்கப்படக்கூடும் என்று கொண்டு கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதன்பின் தங்கும் நெற்றி எரிச்சலுக்குப் புருவத்து நரம்பு ஊசி சிலருக்கு நன்றாகவே உதவுகிறது.

தாயாரின் வெளிச்சக் கூச்சத்துக்கு ஊசிக்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்று, உள்ளறை இருட்டிலிருந்து அவரைப் படிப்படியாக வெளியே கொண்டுவருவது. இருட்டிலேயே இருந்தாலும், வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டாலும் விழித்திரை இருட்டுக்குப் பழகிக் கூச்சம் கூடிக்கொண்டே போகும். முதலில் திண்ணையின் நிழல், பிறகு மாலை வெயிலடங்கிய நேரம் என்று தொடங்குங்கள். கறுப்புக் கண்ணாடி வெளியில் மட்டும் இருக்கட்டும், நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் பக்கமோ வேதாரண்யம் உப்பளம் பக்கமோ போனால் தவறாமல் போட்டுக்கொள்ளட்டும். தலைவலி இல்லாதவர்களுக்கே அங்கே கண் கூசும். வீட்டுக்குள் இளஞ்சிவப்புச் சாயமுள்ள கண்ணாடி சிலருக்கு ஒத்துக்கொள்கிறது. கண் மருத்துவர் சோதனைக்கு மரப்புச் சொட்டு மருந்து விடும்போது கூச்சமும் வலியும் உடனே நின்றால் காரணம் கண்ணின் மேற்பரப்பில் இருக்கிறது, நிற்கவில்லை என்றால் கண்ணின் உள்ளேயோ அதற்கு அப்பாலோ இருக்கலாம். அந்தச் சொட்டு மருந்தை வீட்டுக்கு வாங்கி வந்து விடக் கூடாது, சில நாட்களிலேயே கருவிழியை அரித்துவிடும்.

ஆகவே நான் சொல்லும் வரிசை இப்படி இருக்கும்: முதலில் கண் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும், அடுத்து எம்.ஆர்.ஐ., அதன் பின் நரம்பியல் மருத்துவரின் கருத்து. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறீர்கள் என்றால் பழைய மருந்துச் சீட்டுகளையும், பல் பிடுங்கிய சீட்டையும், அமிட்ரிப்டிலைன் உட்பட எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோங்கள். ஒரு நோட்டில் வலி வந்த நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, எதனால் தூண்டப்பட்டது, கண் சிவந்ததா, தலை கனத்ததா என்பதை இரண்டு வாரங்கள் எழுதி வைத்தால் பாதி வேலை முடிந்தது. கண் சரியாக இருந்து, கூச்சத்தோடு ஒற்றைத் தலைவலியின் அடையாளம் தெரிந்தால், முதலில் பிடரி ஊசியைக் கேளுங்கள். கன்னத்து ஊசியை வேறொரு நாளில் போடச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே நாளில் போட்டால் எது எதைத் தணித்தது என்று தெரியாமல் போய்விடும்.

ஊசிக்குப் போகும் நாளில் தாயார் பட்டினியாக இருக்க வேண்டியதில்லை, லேசாகச் சாப்பிட்டுவிட்டு வழக்கமான மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு போகலாம். மயக்க மருந்தும் கொடுப்பதாக இருந்தால் மட்டும் மருத்துவர் சொல்கிறபடி வயிற்றைக் காலியாக வைத்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது இருசக்கர வண்டியின் பின்னால் உட்கார வைக்காமல் காரிலோ ஆட்டோவிலோ கூட்டி வாருங்கள். கன்னத்தில் மரப்பு தெளியும் வரை சூடான காப்பி, வெற்றிலை பாக்கு, முறுக்கு எதுவும் கூடாது, மரத்த உதட்டைக் கடித்துக்கொள்வது தெரியாது. மரப்பு தெளிந்த நேரத்தையும், வலி திரும்ப வந்த நேரத்தையும் அதே நோட்டில் தனித்தனியாகக் குறித்துக்கொண்டு அடுத்த சந்திப்புக்குக் கொண்டுபோங்கள்.